ஒரே நொடியில் திரும்பிய மீன்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் மீன்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. மீன் வளர்ப்பதுதான் அவள் வேலை. தண்ணீர் மட்டும் கிடையாது.

பெரிய ஆஸ்பத்திரிகளில் சில அறைகள் உண்டு. கிருமி எட்டிப் பார்க்கக்கூடாத அறைகள். அங்கே பூ கூடாது, செடி கூடாது, ஜன்னலைத் திறக்கக் கூடாது, பார்க்க வருகிறவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் நிற்கலாம். படுத்திருப்பவர் நாள் முழுக்கப் பார்ப்பது கூரையை. அந்தக் கூரையில் வெளிச்சத்தால் மீன் விடுவது அவள் நிறுவனத்தின் தொழில். கட்டிலுக்கு மேலே ஒரு சின்ன ப்ரொஜெக்டர், அதற்குப் பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கணினி, அவ்வளவுதான் சாமான். விடிந்ததும் மீன்கள் ஒரு மூலையிலிருந்து கூட்டமாகப் புறப்படும். பாசிக்குள் நுழையும், கலையும், மறுபடி சேரும். பதிவு செய்து வைத்த படமல்ல அது. ஒவ்வொரு மீனும் பக்கத்து மீனைப் பார்த்து, நெருங்குவதா விலகுவதா என்று அந்தந்த நொடியில் தானே முடிவு செய்யும். நேற்றுப் போன வழியில் இன்று போகாது. வலியில் கிடப்பவர்கள் அதைப் பார்த்தபடியே கண் செருகுவதை அவள் பலமுறை கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாள். பார்த்துக்கொண்டே நின்றால் அவளுக்கும் கால் தரையில் இல்லாத மாதிரி ஆகிவிடும்.

அந்த மீன்களை அவள் எழுதியது ஒரு சின்ன மொழியில். மனிதர்கள் பேசும் மொழியல்ல, கணினிக்கு வேலை சொல்லும் மொழி. சிட்டு என்று பெயர். உலகம் பூராவும் தேடி, அதில் எழுதுகிறவர்களை எல்லாம் கூட்டி வந்தால் ஒரே பேருந்தில் உட்கார வைத்துவிடலாம். ஜன்னலோரம் கேட்டுச் சண்டை போடக்கூட ஆள் பற்றாது. ஆனால் சிட்டுவில் எழுதினால் எழுதியது போலவே இருக்காது. வரிகள் அவ்வளவு குறைவு, அவ்வளவு இதம். அதன் வலைப்பக்கத்தின் உச்சியில், 'ஒருமுறை எழுது, எந்தக் கணினியிலும் ஒரே நடை' என்று போட்டிருக்கும். அதைப் படித்துத்தான் முதலில் மனம் பறிகொடுத்தாள். மற்ற மொழிகளைப் பற்றி யாராவது பேசினால், அடுத்த வீட்டுப் பிள்ளையைப் புகழக் கேட்கும் தாய் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள்.

இந்த நேரத்தில்தான் புது மேலாளர் வந்து சேர்ந்தார். எதைச் சொன்னாலும் ஒரு வரைபடம் காட்டித்தான் சொல்வார் என்பதால், வந்த வாரத்திலேயே அவருக்கு கிராஃப் சார் என்று பெயர் விழுந்துவிட்டது. நல்ல மனிதர். கோபம் வராது, அதுதான் அவரிடம் இருந்த ஒரே தொந்தரவு. சண்டை போடப் போனால் கை வழுக்கும்.

ஒருநாள் அவர் கூட்ட அறையின் சுவரில் ஒரு பெரிய வட்டத்தைக் காட்டினார். எந்த மொழியில் எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்ற கணக்கு. அப்பத்தை வெட்டியது போல் வண்ண வண்ணத் துண்டுகள். பாதிக்குப் பக்கமாக ஒரே துண்டு, மஞ்சளாக.

"நம்ம சிட்டு எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க பாப்போம்," என்றார்.

கடைசியில் நூல் போல ஒரு சாம்பல் நிறத் துண்டு. 'மற்றவை' என்று எழுதியிருந்தது.

"அந்த மத்ததுக்குள்ள எங்கயாவது இருக்கும் சார்."

"இருக்கும். பூதக்கண்ணாடி வெச்சுத் தேடணும். மீன்காரி, நான் கேக்கறது ஒண்ணுதான். நீங்க ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்தா இந்த மீனுக்கெல்லாம் யாரும்மா இரை போடுவா? சிட்டு தெரிஞ்ச ஆளுன்னு விளம்பரம் குடுத்தா, பறவை வளக்கறவங்கதான் வராங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். நடந்த கதைதான் அது.

"எல்லாத்தையும் மஞ்சளுக்கு மாத்திடலாம். தெருவுக்கு நாலு பேர் எழுதற மொழி," என்றார் அவர்.

"ஆள் அதிகம்ங்கறதுக்காக நல்லதுன்னு ஆயிடுமா சார்?" என்று கேட்டுவிட்டு அவள் தன் மேசைக்குப் போய்விட்டாள். அவர் பின்னாலேயே வந்து, "கேள்வி நல்ல கேள்வி, யோசிக்கறேன்," என்றார். சொன்னேனே, கை வழுக்கும்.

அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு அத்தானுக்கு உடம்பு முடியாமல் போனது.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ஆகாயத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வீடு அளவுப் பெட்டிகளைக் கோழி முட்டை போல எடுத்து வைப்பார். முதலில் சோர்வு என்றார்கள், பிறகு ரத்தம் சரியில்லை என்றார்கள், கடைசியில் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையையே மாற்ற வேண்டும் என்றார்கள். பழையதை மருந்தால் அழித்துவிட்டு, வேறொருவர் கொடுத்ததை ஏற்றி, அது உடம்பில் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை கிருமி அண்டாத அறை. அறைக் கூரையில் மீன்காரியின் மீன்கள்.

"என்ன பொடிசு, வாழ்க்கை பூரா மேலேர்ந்து கீழ பாத்தே பழகிட்டேன். இப்ப கீழேர்ந்து மேல பாக்கச் சொல்லிட்டாங்க," என்று போனில் சிரித்தார் அத்தான். குரல் மெலிந்திருந்தது. வீட்டில் அவளுக்குப் பொடிசு என்று பெயர். முப்பது வயதைத் தாண்டினாலும் அக்காவுக்கும் அத்தானுக்கும் அவள் பொடிசுதான்.

அக்காவுக்குத்தான் சோதனை. அவளுக்கு அந்தச் சமயம் பார்த்து விடாத இருமல். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்கூட நிற்க விடவில்லை. வீடியோவில் முகத்தைப் பார்க்கலாமென்றால் அத்தான் சம்மதிக்கவில்லை. மருந்தில் முடி கொட்டி, புருவம்கூடப் போய்விட்டதாம். "பேசறதுன்னா பேசு. மூஞ்சியக் காட்டச் சொல்லாத," என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார்.

அக்கா திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். கடை முழுக்கத் துணிகள் தொங்கும். வெளியே போகும் பேருந்தின் காற்றுக்கு எல்லாம் ஒருசேர அசையும். நடுவில் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, அக்கா தினமும் அத்தானோடு பேசுவாள். ஆனால் எவ்வளவுதான் பேசுவது? சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, டாக்டர் வந்தாரா. அத்தானின் பதில்கள் வரவரச் சுருங்கின. பிறகு இரண்டு பக்கமும் மௌனம். அந்த மௌனத்தில் அக்கா பயந்துபோவாள், லைன் போய்விட்டதோ, ஆளே போய்விட்டாரோ என்று "இருக்கீங்களா? இருக்கீங்களா?" என்று கத்துவாள்.

"ஏண்டி பொடிசு," என்றாள் ஒருநாள், வாயில் இருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு. "அவரு பாக்கற அந்த மீன, அதே மீன, நான் இங்க பாக்க முடியாதா?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஒரே மீன் இரண்டு இடத்தில் தெரிய வேண்டிய தேவை நிறுவனத்துக்கு வந்ததே இல்லை. அறைக்குள் இருக்கும் கணினியை வெளியுலகத்தோடு இணைக்க ஆஸ்பத்திரி அனுமதிக்காது. அங்கிருந்து படத்தை அனுப்ப வழியில்லை. ஆனால் மீன்கள் புறப்படும் விதத்தை அன்றைய தேதிதான் தீர்மானிக்கிறது. அதே தேதி, அதே நேரம், அவள் எழுதிய அதே நிரல். அக்காவின் போனில் தனியாக ஓடவிட்டால் என்ன? இரண்டு இடத்திலும் ஒரே கணக்கு என்றால் மீனும் ஒரே வழியில்தானே போக வேண்டும்? எந்தக் கணினியிலும் ஒரே நடை என்று சிட்டுதான் வாக்குக் கொடுத்திருக்கிறதே.

இரண்டே நாளில் செய்து முடித்து அக்காவின் போனில் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலை அக்கா போனைக் குண்டூசி குத்தும் பஞ்சுருண்டையின் மேல் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரைப் போட்டாள். மீன்காரியும் வேலைக்குப் போகும் வழியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆரஞ்சு ஒண்ணு முன்னால வருதா?" என்றாள் அக்கா.

"வருது. பின்னாடியே ரெண்டு பொடி."

"இப்ப பாசிக்கு அடியில போகுது."

"ஆமா! அட, ஆமா!"

அக்கா தையலை மறந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். ஊரின் இந்தக் கோடியும் அந்தக் கோடியும் ஒரே குளமாகிவிட்டது போல் இருந்தது. மீன்காரி பெருமையில் பூரித்து அலுவலகம் போனாள். கிராஃப் சாரைப் பார்த்தபோது ஒரு பெரிய 'குட்மார்னிங்' சொன்னாள்.

மதியம் அக்காவிடமிருந்து போன்.

"ஏண்டி, உங்க அத்தானுக்குப் புத்தி கித்தி கலங்கிடுச்சா? ஆரஞ்சு மீன் வலது மூலையில நிக்குது. இல்லவே இல்ல, இடது பக்கம் போகுதுங்கறாரு. நான் பொய் சொல்றேனாம். கண்ணாடிய மாட்டிட்டுப் பாருங்கறாரு. நானும் விடல. சண்டை போட்டு அவரு வெச்சிட்டாரு."

மீன்காரிக்கு முகம் விழுந்துவிட்டது.

நிறுவனத்தில் சோதனைக்காக வைத்திருந்த எல்லா வகைக் கருவிகளையும் அவள் ஒரு நீளமான மேசையில் பரப்பினாள். ஆஸ்பத்திரியில் இருப்பது போன்ற சின்னக் கணினி, இரண்டு மூன்று வகைப் போன்கள், மடிக்கணினிகள், பழைய டேப்லெட் ஒன்று. எல்லாவற்றிலும் ஒரே தேதி, ஒரே நேரம். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு மீன்களை ஒன்றாகப் புறப்பட விட்டாள்.

அந்த மதியத்தை அவள் பிறகு அடிக்கடி நினைத்துக்கொள்வாள். வெளியே மழை வருவது போல் மூட்டம். அறைக்குள் நீல வெளிச்சம் மட்டும். ஒரே மீன் கூட்டம் எல்லாத் திரையிலும் ஒரே மாதிரி நெளிந்தது. ஒரே கடலை வெவ்வேறு ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல. வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. அவளுக்குக் கண் செருகியது. அரைத் தூக்கத்தில் தானே நீந்துகிற மாதிரி, கை கால்கள் எடையற்றுப் போன மாதிரி இருந்தது. அப்போதுதான் ஒரு போனில், கூட்டத்தின் கடைசியில் வந்த குட்டி மீன் ஒரு மயிரிழை தள்ளித் திரும்பியது. அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பக்கத்து மீன் கொஞ்சம் விலகியது. அதைப் பார்த்து அடுத்தது. சற்று நேரத்தில் அந்தப் போனின் மீன்கள் வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தன. பிறகு டேப்லெட் பிரிந்தது. பிறகு ஒரு மடிக்கணினி. ஒவ்வொரு கருவியும் தன் மீன்களைக் கூட்டிக்கொண்டு தன் வழியே போனது. கூடப் பிறந்தவர்கள் பிரிவதைப் பார்ப்பது போல் இருந்தது அவளுக்கு.

மீன்கள் வாலை வளைக்கவும் திரும்பவும் கணக்கில் சைன் என்ற ஒன்று வரும், பள்ளிக்கூடத்தில் முக்கோணத்தோடு படித்தது. அந்தக் கணக்கின் விடையை எல்லாக் கருவியிலும் எழுதிப் பார்த்தாள். தசமப் புள்ளிக்குப் பின்னால் நீளமாகப் போகும் எண்கள் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தன, கடைசி இலக்கத்தைத் தவிர. ஒன்றில் ஏழு என்றால் இன்னொன்றில் எட்டு.

சிட்டுக்காரர்கள் கூடிப் பேசும் இணையக் குழுவில் விஷயத்தை எழுதினாள். நத்தை என்ற பெயரில் எழுதுகிற ஒருவர் அங்கே உண்டு. சிட்டுவை உருவாக்கியவர்களில் ஒருவர். பெயருக்கேற்றபடி இரண்டு நாள் கழித்துத்தான் பதில் போட்டார். அதை அவள் மனசுக்குள்ளே தமிழாக்கிக்கொண்டாள்: "நீங்கள் சொல்வது சரி. சைன் கணக்கை சிட்டு தானாகப் போடுவதில்லை; எந்தக் கருவியில் இருக்கிறதோ அந்தக் கருவியிடம் கேட்டு வாங்கிச் சொல்கிறது. கருவிக்குக் கருவி கடைசி இலக்கம் மாறும். எங்களுக்கே இது தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் யார் கண்ணிலும் படவில்லை. மன்னிக்கவும்."

அந்த நேர்மைதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. கோபப்படவும் ஆளில்லை. ஒரு காதலன் 'ஆமாம், பொய்தான் சொன்னேன்' என்று தலைகுனிந்து நின்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

கிராஃப் சாரிடம் போய் நின்றாள். "நீங்க ஜெயிச்சிட்டீங்க சார். மஞ்சளுக்கே மாத்திடலாம்."

அவர் ஜெயித்த முகம் காட்டவில்லை. "ஏன், என்ன ஆச்சு?" என்றார். அவள் அத்தானைப் பற்றி, அக்காவைப் பற்றி, ஏழையும் எட்டையும் பற்றி எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் எழுந்து அந்த நீண்ட மேசைக்கே வந்துவிட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, மீன்களின் கணக்கை மஞ்சள் மொழியில் அவரே எழுதினார். பழைய கை, ஆனால் பழுதில்லை. எல்லாக் கருவியிலும் ஓடவிட்டு இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

டீ ஆறுவதற்குள் ஒரு போன் பிரிந்துவிட்டது.

கிராஃப் சார் திரைக்குக் கிட்டே மூக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "இத்தனை பேர் எழுதற மொழி!" என்றார், நண்பன் கைவிட்ட மாதிரி. "இதுவும் கேட்டு வாங்கித்தான் சொல்லுதா?"

"எல்லாம் ஒரே குட்டையில ஊறினதுதான் போல சார்," என்றாள் அவள். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அக்காவுக்கு என்ன பதில் சொல்வது?

ஆனால் கூட்டம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு ஒரு பலன் உண்டு. யாருக்கு என்ன இடி விழுந்தாலும், அதே இடி ஏற்கெனவே வேறு யார் தலையிலாவது விழுந்திருக்கும். கிராஃப் சார் மஞ்சள் மொழிக்காரர்களின் குழுவில் தேடினார். சிட்டுக்காரர்களின் குழு ஆளில்லாத நூலகம் என்றால் இது சந்தைக்கடை. திட்டு, கிண்டல், சம்பந்தமில்லாத அரட்டை. இதற்கு நடுவே, எப்போதோ யாரோ கேட்ட அதே கேள்வி கிடைத்தது. தூர தூரமாக உட்கார்ந்து ஒரே ஆட்டத்தை ஆடுகிற கணினி விளையாட்டுகளைச் செய்கிறவர்கள் இதே குழியில் விழுந்து எழுந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் போகிற போக்கில் சொல்லியிருந்தார்: புள்ளி வைத்த எண்ணே வேண்டாம். எல்லாவற்றையும் முழு எண்ணாக வைத்துக்கொள். சைனை யாரிடமும் கேட்காதே. விடைகளை நீயே ஒரு அட்டவணையாகப் போட்டுக் கையோடு வைத்துக்கொள். இரண்டும் இரண்டும் நான்கு என்பதில் எந்தக் கருவிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

மீன்காரி அதை இரண்டாம் முறை படித்தாள். இவ்வளவு எளிதாகவா?

எளிதாக இல்லை. முழு எண்ணில் மீன் முதலில் பொம்மை போல நகர்ந்தது. வெடுக் வெடுக்கென்று திரும்பியது. பார்க்கச் சகிக்கவில்லை. எண்களை இன்னும் இன்னும் பெரிதாக்கி, ஒரு மயிரிழையையே ஆயிரம் பங்காக்கி, நெளிவைத் திரும்பக் கொண்டுவருவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கிராஃப் சார் தன் கூட்டங்களை எல்லாம் தள்ளிப்போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார். ஒருநாள் எல்லாத் திரைகளும் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே குளமாக இருந்தன. ஒரு குட்டி மீன்கூட வழி தப்பவில்லை. அவள் அதைச் சிட்டுவிலும் எழுதினாள், மஞ்சளிலும் எழுதினாள். பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டாள். எது எதில் எழுதியது என்று அவளுக்கே மறந்துபோனது. திரும்பத் திரும்பப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எதை வெச்சுக்கலாம்?" என்றார் கிராஃப் சார். அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

அவள் கொஞ்சநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மஞ்சளே இருக்கட்டும் சார். எனக்குக் காய்ச்சல் வந்தா மீன் பட்டினி கிடக்கக் கூடாது." சொல்லிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

புது நிரலை அறைக் கணினியில் போட அவளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். பென்டிரைவை மருந்து தெளித்துத் துடைத்து, உறை போட்ட கையால் நர்ஸ் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மீன்காரி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். அத்தான் முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். வெறும் தலை, பின்னங்கழுத்தின் மெலிவு. அவள் வந்திருப்பது தெரிந்திருக்க வேண்டும். ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி லேசாக ஆட்டினார். அவளும் ஆட்டினாள், அவர் பார்க்காவிட்டாலும். பிறகு வெறுமையாகக் கிடந்த கூரையில் மூலையிலிருந்து மீன்கள் வந்தன. அத்தான் மெல்லப் புரண்டு மல்லாந்தார். பக்கவாட்டில் முகம் தெரிந்தது. புருவம் இல்லாததால் எப்போதும் எதையோ கண்டு வியந்தது போலிருந்தது.

அங்கிருந்து நேரே அக்காவின் கடைக்குப் போனாள். மதியம். தெருவில் கூட்டமில்லை. கடைக்குள் திரைச்சீலைகள் வழியாக வெயில் வடிகட்டி வந்து தரையில் பல நிறமாக விழுந்து கிடந்தது. அக்காவின் போனிலும் புதியதைப் போட்டு, அறையில் மீன் புறப்பட்ட நேரத்தையும் கொடுத்தாள்; இடைப்பட்ட தூரத்தை அது வேகமாக ஓடிப் பிடித்துவிட்டது. அக்கா நம்பிக்கை இல்லாமல்தான் அத்தானைக் கூப்பிட்டாள்.

"ஆரஞ்சு எங்க இருக்கு?" எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"நீ முதல்ல சொல்லு. அப்பறம் நான் சொன்னத வெச்சு நீ சொல்றன்னு ஆகக் கூடாது."

"சரி. நடுவுல, தனியா."

"ஆமா. தனியாத்தான் நிக்குது," என்றார் அத்தான்.

அக்கா கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். கூட்டம் தூரத்திலிருந்து சுற்றி வந்துகொண்டிருந்தது. தனியாக நின்ற மீன் அதைப் பார்க்கவில்லை போல, பாசியைப் பார்த்துக்கொண்டே நின்றது. ஸ்பீக்கரில் அத்தான் மூச்சு விடும் சத்தம் கேட்டது. கூட்டம் நெருங்கியது, அருகில் வந்தது, கடந்துபோகிற மாதிரி இருந்தது. அப்போது ஆரஞ்சு மீன் ஒரே வளைவாக வளைந்து திரும்பி அதற்குள் புகுந்துகொண்டது.

"ஆ!" என்றாள் அக்கா. அதே நொடியில் ஸ்பீக்கரிலிருந்தும் "ஆ!"

இருவரும் சிரித்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். மௌனம் மறுபடி வந்தது, நீளமாகவே வந்தது. அக்கா "இருக்கீங்களா" என்று கேட்கவில்லை. போனுக்குள்ளேயே இருப்பவர் போல, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் போல, அத்தான் அந்தக் கடையில் இருந்தார். திரைச்சீலைகள் ஒருமுறை அசைந்து நின்றன. மீன்காரி தையல் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கொஞ்சம் தூங்கிக்கூட இருப்பாள்.

அத்தானின் குரல்தான் எழுப்பியது.

"பொடிசு என்னைப் பாத்துட்டுப் போனாளே, எப்படி இருக்கேன்னு சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல."

"சொல்ல வேணாம்னு சொல்லு." தொண்டையைச் செருமினார். "நீயே பாரு. வீடியோ போடறேன்."

அக்கா சட்டென்று உள்ளங்கையால் போன் திரையை மூடினாள். பல வாரமாகக் கெஞ்சியவள்தான். இப்போது அந்தக் கையை எடுக்காமல், மற்ற கையால் தலைமுடியை ஒதுக்கி, கண்ணைத் துடைத்து, குண்டூசி ஒன்று இன்னும் உடையில் தொங்குவதைப் பார்த்து எடுத்துப் போட்டாள். மீன்காரி எழுந்து திரைச்சீலைகளைத் தாண்டி வாசலுக்குப் போய்விட்டாள்.

பிறகு அக்கா சொல்வது கேட்டது: "இதுக்கா இவ்வளவு அலட்டல்? பொறந்த குழந்தை மாதிரி இருக்கீங்க. காது மட்டும் பெரிசு."

அத்தானின் சிரிப்பு தெருவரைக்கும் வந்தது.

மஜ்ஜை பிடித்துக்கொண்டது. நடுவில் ஒரு காய்ச்சல் வந்து எல்லோரையும் பயமுறுத்திவிட்டுப் போனது, ஆனால் பிடித்துக்கொண்டது. விஷயம் கேள்விப்பட்டு மற்ற அறைக்காரர்களின் வீட்டாரும் போனில் மீன் கேட்டார்கள். கிராஃப் சார் மஞ்சள் மொழி தெரிந்த இரண்டு பெண்களை வேலைக்கு எடுத்தார். மீன்காரி தன் முழு எண் அட்டவணையை நத்தைக்கும் அனுப்பி வைத்தாள். வழக்கம்போல இரண்டு நாள் கழித்து, இனி சிட்டு தன் சைனைத் தானே போட்டுக்கொள்ளும் என்று பதில் வந்தது. வேலையில் இல்லாவிட்டாலும் விடுமுறை நாட்களில் அவள் இன்னும் சிட்டுவில்தான் எதையாவது எழுதிப் பார்க்கிறாள். அது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அத்தான் வீட்டுக்கு வந்த அன்று, சுவரைப் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு அறையாக நடந்து பார்த்தார். படுக்கையறை ஜன்னலுக்கு அக்கா புதிதாக ஒரு சீலை தைத்துப் போட்டிருந்தாள். அவர் அதன் ஓரத்தை விரலால் தடவி, "நல்லா இருக்கு இந்த நீலம்," என்றார்.

"நீலமா? பச்சைங்க இது."

"வெயில்ல வந்து பாரு. நீலம்."

"தெச்சவ நான். எனக்குத் தெரியாதா? ஏய் பொடிசு, நீ சொல்லுடி, இது என்ன நிறம்?"

மீன்காரி இருவருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். "என்னை விடுங்க," என்றாள், தலையைத் தூக்காமலே. அவர்கள் விடவில்லை. சீலையைக் கொக்கியிலிருந்து கழற்றி, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதற்காக வாசலுக்குக் கிளம்பிவிட்டார்கள். அத்தானின் நடைக்கு ஏற்ப அக்கா மெதுவாகப் போனாள்.